சீகன்பால்க்: ஓர் அரிய ஜெர்மானியக் குடும்பப்பெயர் எங்கே பிறந்தது, இன்று எங்கே வழங்குகிறது?

துருத்திவாணன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். சென்ற மாதம் என் பேத்தியையும் அவளுடைய தோழிகள் இருவரையும் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். டேனிஷ் கோட்டையையும் புதிய எருசலேம் ஆலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, பர்த்தலோமேயு என்பது பைபிளில் வருகிற பெயர், அது எனக்குத் தெரியும். சீகன்பால்க் என்றால் என்ன பொருள்?"

ஜெர்மானிய லுத்தரன் மறைப்பணியாளரான பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கியதையும், 1714இல் நற்செய்தி நூல்கள் தமிழில் அச்சேறியதையும், 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் அவர் இறந்ததையும் வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரின் பொருளை ஒருமுறைகூட நான் தேடிப் பார்த்ததில்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நண்பர் ஒருவர் அதற்கு 'ஆட்டுத்தோல்' என்று பொருள் என்கிறார். இன்னொருவர் 'ஆட்டுக்குட்டி' என்கிறார். இவற்றில் எது சரி? ஆட்டுத்தோல் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெயராக அமைந்தது எப்படி? இன்றும் ஜெர்மனியில் இந்தப் பெயரைக் கொண்டவர்கள் இருக்கிறார்களா, இருந்தால் எந்தப் பகுதியில் இருக்கிறார்கள்? அவர்கள் எல்லோரும் நம் சீகன்பால்கின் வழித்தோன்றல்களா? தமிழில் சீகன்பால்க், சீகன்பால்கு, சீகன்பால் என்று பலவாறாக எழுதுகிறார்களே, அவற்றுள் மூல ஒலிக்கு நெருக்கமானது எது? ஜெர்மன் மொழி அறிந்தவர்களும் அந்நாட்டில் வாழ்பவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சொல்லகழ்வன்

துருத்திவாணன் ஐயா, தாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் புனைபெயரிலேயே விடையின் பாதி இருக்கிறது. குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி. அங்கே துருத்தி என்பது ஆற்றிடைக் குறையைக் குறிக்கிறது. ஆனால் கொல்லன் உலையில் காற்றூதும் தோற்பைக்கும் துருத்தி என்றுதான் பெயர். சீகன்பால்க் என்ற பெயரின் பிற்பகுதி அந்த இரண்டாவது துருத்தியோடு நெருங்கிய உறவுடையது.

பெயரின் முற்பகுதியான 'ட்ஸீக' என்பது வெள்ளாட்டைக் குறிக்கும் சொல். நடுவில் உள்ள 'ன்' இரு சொற்களை இணைக்கும் சாரியை போன்றது. பிற்பகுதியான 'பால்க்' என்பதுதான் கவனிக்க வேண்டியது. தோலைக் குறிக்க ஜெர்மன் மொழியில் மூன்று சொற்கள் வேறுபட்ட பொருளில் வழங்குகின்றன. மனிதரின் தோலும் மாடு போன்ற பெருவிலங்குகளின் தோலும் 'ஹௌட்'. மயிரோடு கூடிய விலங்குத் தோல் 'ஃபெல்'. வயிற்றை நீளக் கீறி விரிக்காமல், உறையைக் கழற்றுவது போல முழுதாக உரித்தெடுத்த தோல் 'பால்க்'. வேட்டைக்காரர்கள் இன்றும் முயல், நரி ஆகியவற்றின் தோலை இந்தச் சொல்லால்தான் சுட்டுகிறார்கள். இதன் பழம்பொருள் பை அல்லது உறை என்பதாகும். ஆகவேதான் துருத்திக்கு ஜெர்மன் மொழியில் 'ஊதும் பால்க்' என்ற பொருளில் 'பிளாஸபால்க்' என்று பெயர். ஆங்கிலத்தில் துருத்தியைக் குறிக்கும் 'பெல்லோஸ்' என்ற சொல்லும் வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்தவை.

ஆகவே 'ஆட்டுத்தோல்' என்று சொன்ன நண்பரே சரியானவர். 'ஆட்டுக்குட்டி' என்ற விளக்கம் எப்படி வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. இன்றைய பேச்சு ஜெர்மனில் 'பால்க்' என்பது அடங்காத குழந்தையைத் திட்டும் சொல்லாகவும் வழங்குகிறது. அகராதியில் அந்தப் பொருளை மட்டும் பார்த்தவர் எவரோ ஆட்டின் பிள்ளை, ஆகவே குட்டி என்று கூட்டிப் பொருள் கொண்டிருக்க வேண்டும். இது குடும்பப்பெயருக்குப் பொருந்தாது.

இனி, ஆட்டுத்தோல் எப்படி ஒரு குடும்பத்தின் பெயராயிற்று என்ற கேள்வி. ஜெர்மானியக் குடும்பப்பெயர்களை ஆய்வாளர்கள் ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். தந்தையின் அல்லது முன்னோரின் இயற்பெயரிலிருந்து வந்தவை, தொழிலிலிருந்து வந்தவை, பிறந்த ஊரிலிருந்து வந்தவை, குடியிருந்த இடத்தின் அடையாளத்திலிருந்து வந்தவை, ஒருவரது தோற்றம், குணம், கருவி, பண்டம், நிகழ்ச்சி எதையேனும் சுட்டி ஊரார் இட்ட பட்டப்பெயரிலிருந்து வந்தவை என்பனவே அவை. சீகன்பால்க் ஐந்தாவது வகையைச் சேர்ந்தது. ஆனாலும் அது தொழிலை ஒட்டிய பட்டப்பெயர் என்றே நான் கருதுகிறேன். தோல் பதனிடுபவர்களுக்குள் இரு பிரிவினர் இருந்தனர். மாட்டுத்தோலை ஓக் மரப்பட்டை கொண்டு பதப்படுத்தியவர்கள் ஒரு பிரிவினர். ஆடு, செம்மறி போன்றவற்றின் மென்தோலைப் படிகாரம் கொண்டு வெண்மையாகப் பதப்படுத்தியவர்கள் மற்றொரு பிரிவினர். இந்த இரண்டாம் பிரிவினருக்கு 'வைஸ்கெர்பர்', அதாவது வெண்தோல் பதனிடுவோர், என்று பெயர். அப்படி ஒருவருக்கோ, ஆட்டுத்தோலை வாங்கி விற்ற ஒருவருக்கோ ஊரார் அந்தப் பண்டத்தின் பெயரையே இட்டு அழைத்திருக்கலாம். முயல்தோல் என்று பொருள்படும் 'ஹாசன்பால்க்', கன்றுத்தோல் என்று பொருள்படும் 'கால்ப்ஃபெல்' ஆகியவையும் ஜெர்மனியில் உண்மையாகவே வழங்கும் குடும்பப்பெயர்கள்தாம். எனவே பெயரின் அமைப்பில் விந்தை எதுவும் இல்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பெயரின் முற்பகுதியே அது பிறந்த நிலப்பகுதியைக் காட்டிக்கொடுக்கிறது. வெள்ளாட்டைக் குறிக்க ஜெர்மன் பேசும் நாடு முழுவதும் ஒரே சொல் வழங்கவில்லை. பவேரியா, சுவேபியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய தென்பகுதிகளில் மக்கள் 'கைஸ்' என்றே சொன்னார்கள். 'ட்ஸீக' என்பது நடுப்பகுதியின், குறிப்பாகக் கிழக்கு நடுப்பகுதியின், வழக்கு. சாக்சனிப் பகுதியின் எழுத்துவழக்கைத் தழுவிய, 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தம் விவிலிய மொழிபெயர்ப்பில் இதை ஆண்டதால்தான் பின்னர் அது பொதுமொழிச் சொல்லாயிற்று. குடும்பப்பெயர்கள் நிலைபெற்ற காலமோ லூத்தருக்கு முந்தையது. ஆகவே பவேரியாவில் ஒரு தோல் வணிகருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்திருந்தால் அது 'கைஸ்' என்றுதான் தொடங்கியிருக்கும்.

எல்பைக்கரையோன்

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கடந்த இருபது ஆண்டுகளாக ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் வசித்து வருகிறேன். சொல்லகழ்வன் சொன்னதைப் பரவலின் பக்கமிருந்து உறுதிப்படுத்த முடியும் என்பதால் எழுதுகிறேன்.

பர்த்தலோமேயு சீகன்பால்க் பிறந்த புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூர் ட்ரெஸ்டனுக்கு வடகிழக்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது. இன்று அது சாக்சனி மாநிலத்தின் பௌட்சன் மாவட்டத்தைச் சேர்ந்தது. மிளகுக் கேக் என்று பெயர் கொண்ட நறுமணச் சரக்குப் பலகாரத்துக்கும் நீலச் சாயத் துணி அச்சுக்கும் பேர்போன ஊர். சீகன்பால்க் என்ற குடும்பப்பெயர் இன்றும் செறிவாக வழங்குவது இந்த வட்டாரத்தில்தான், அதாவது மேல் லௌசிட்ஸ் எனப்படும் நிலப்பகுதியின் மேற்கு ஓரத்திலும் அதை அடுத்த ட்ரெஸ்டன் சுற்றுவட்டாரத்திலும்தான். ஜேர்மனியின் பிற பகுதிகளில் இதைக் காண்பது அரிது. ஹம்பர்க்கிலோ மூனிச்சிலோ ஒருவருக்கு இந்தப் பெயர் இருந்தால், அவருடைய பாட்டனோ பூட்டனோ சாக்சனியிலிருந்து வந்தவராக இருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு. 1945க்கும் பெர்லின் சுவர் எழுந்த 1961க்கும் இடையே ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் கிழக்கிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குப் போனார்கள். 1990இல் நாடு ஒன்றுபட்ட பிறகு வேலை தேடி இன்னும் பலர் போனார்கள். கிழக்கின் அரிய குடும்பப்பெயர்கள் மேற்கில் ஆங்காங்கே புள்ளிகளாகத் தென்படுவதற்கு இந்த இரண்டு அலைகளே முதன்மைக் காரணம்.

ஒரு பெயர் பல நூற்றாண்டுகளாக ஒரே வட்டாரத்தில் தங்கிவிடுவது ஏன் என்று நானும் யோசித்ததுண்டு. மேல் லௌசிட்ஸ் பகுதியில் குடியானவர்கள் பரம்பரையாக நிலக்கிழாருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். அவருடைய அனுமதியின்றி அவர்கள் ஊரைவிட்டு வெளியேற முடியாது. சாக்சனி அரசு 1832இல்தான் அந்தக் கட்டை நீக்கியது. அதன் பின்னரும், இந்த வட்டாரத்தில் வீட்டுத் தறியில் நாடாவும் துணியும் நெய்யும் தொழில் வேரூன்றியிருந்ததால், பிழைப்புக்காகத் தொலைவு போக வேண்டிய தேவை பலருக்கு ஏற்படவில்லை. பக்கத்து ஊரான குரோஸ்ரோர்ஸ்டோர்ஃப் நாடா நெசவுக்குப் பெயர்பெற்றது. தலைமுறை தலைமுறையாக ஒரே தேவாலயப் பதிவேட்டில் ஒரே குடும்பப்பெயர் வந்துகொண்டிருப்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்பது என் எண்ணம்.

பரவலைத் தாங்களே பார்க்க விரும்பினால் சில வழிகள் உண்டு. கியோகன் என்ற இணையக் கருவியில் ஒரு குடும்பப்பெயரைத் தட்டச்சு செய்தால், தொலைபேசி அட்டவணையின் அடிப்படையில் மாவட்ட வாரியாக வண்ணமிட்ட வரைபடம் கிடைக்கும். அறிவுலகத்தில் மதிக்கப்படும் பெரும்பணி ஜேர்மன் குடும்பப்பெயர் நிலப்படத் தொகுப்பு. கொன்ராட் குன்ஸ, டமாரிஸ் நூப்லிங் ஆகிய இரு பேராசிரியர்களின் பொறுப்பில் 2009 முதல் 2018 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு அடிப்படை 2005ஆம் ஆண்டின் நிலவழித் தொலைபேசி இணைப்புகள். அதன் தொடர்ச்சியாக, மைன்ஸ் நகர அறிவியல் கழகத்தின் ஆதரவில் 2012 முதல் குடும்பப்பெயர்களுக்கான மின்னகராதி ஒன்றும் உருவாகி வருகிறது.

இந்த வரைபடங்களைப் படிப்பதில் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஒரு தொலைபேசி இணைப்பு ஒரு வீட்டுக்குரியது, ஓர் ஆளுக்குரியது அன்று. ஆகவே வரைபடத்தில் நூறு இணைப்புகள் என்றால் அந்தப் பெயரில் நூறு பேர்தான் இருக்கிறார்கள் என்று கொள்ளக் கூடாது, இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். மற்றொன்று மாவட்ட எல்லைகள் பற்றியது. புல்ஸ்நிட்ஸ் அடங்கிய காமென்ஸ் மாவட்டம் 2008இல் பௌட்சன் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. பழைய வரைபடத்தில் காமென்ஸ் அடர்வண்ணமாகத் தெரிவதும் புதியதில் பௌட்சன் அடர்வண்ணமாகத் தெரிவதும் ஒரே மக்களைத்தான் காட்டுகின்றன. யாரும் இடம்பெயர்ந்துவிடவில்லை.

தொலைபேசிக்கு முந்திய காலத்தை அறிய இன்னொரு அரிய வழி இருக்கிறது. முதல் உலகப் போரில் மாண்ட, காயமுற்ற, காணாமற்போன ஜேர்மன் வீரர்களின் பட்டியல்களை அரசு அச்சிட்டு வெளியிட்டது. கணினி வழி மரபுவரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2011 முதல் 2014 வரை உழைத்து, ஏறத்தாழ 85 இலட்சம் பதிவுகளை எழுத்தாக்கி இணையத்தில் இட்டிருக்கிறார்கள். பெயரோடு ஊரும் குறிக்கப்பட்டிருப்பதால், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு குடும்பப்பெயர் எங்கெங்கே இருந்தது என்பதை, போருக்குப் பிந்தைய பெரும் இடப்பெயர்வுகள் கலைத்துப்போடுவதற்கு முன்னிருந்த நிலையில் காண முடிகிறது. மாண்ட, காயமுற்ற, காணாமற்போன இளைஞர்களின் பட்டியல் அது என்ற நினைவோடுதான் அதைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

சொல்லகழ்வனிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்த வட்டாரத்தில் ஜேர்மானியரோடு சோர்பியர் என்ற சிலாவிய இனத்தவரும் வாழ்கிறார்கள். புல்ஸ்நிட்ஸ் என்ற ஊர்ப்பெயரே சிலாவிய மூலமுடையது. சோர்பியரின் மரபான தோற்பை இசைக்கருவிக்கு அவர்கள் மொழியில் 'கோசோவ்' என்று பெயர், அதன் பொருள் ஆட்டுக்கடா. மயிரோடு கூடிய ஆட்டுத்தோலை முழுதாக உரித்துப் பையாக்கித்தான் அதைச் செய்கிறார்கள். பால்க் என்பது பையாக உரித்த தோல் என்று தாங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தக் கருவிதான் நினைவுக்கு வந்தது. முதல் சீகன்பால்க் ஓர் இசைஞனாக இருந்திருக்கக் கூடாதா?

சொல்லகழ்வன்

எல்பைக்கரையோன் அவர்களே, பொருளளவில் அது பொருந்துகிறது என்பதை மறுக்க மாட்டேன். பையாக உரித்த ஆட்டுத்தோலுக்குத் துருத்தி, நீர்ப்பை, மாவுப்பை, இசைக்கருவி எனப் பல பயன்கள் இருந்தன. ஆனால் இசைக்கருவியைச் சுட்டிப் பட்டப்பெயர் இட்டவர்கள் கருவியின் பெயரையே இடுவதுதான் இயல்பு. தோற்பைக் குழல் ஊதியவர்களுக்கு ஜெர்மனில் 'பைப்பர்' போன்ற பெயர்கள் அமைந்திருப்பதைப் பார்க்கிறோம். மூலப்பொருளின் பெயரை மட்டும் இட்டிருந்தால், அவர் அந்த மூலப்பொருளையே கையாண்டவர் என்று கொள்வதுதான் நேர்வழி. எனவே நான் தோல் தொழிலின் பக்கமே நிற்கிறேன். தங்கள் ஊகத்துக்குச் சான்றாகப் பழைய பதிவேட்டில் 'குழலூதும் இன்னார்' என்று ஒரு வரி கிடைக்குமானால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

பழஞ்சுவடி

ஐயா அவர்களின் கேள்விகளில் இரண்டு இன்னும் எஞ்சியிருக்கின்றன. ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள தரங்கம்பாடி மிஷன் ஆவணங்களோடு சிறிது பழக்கம் உள்ளவன் என்ற முறையில் அவற்றுக்கு விடையளிக்க முயல்கிறேன்.

முதலில் ஒலி. ஜெர்மன் மொழியில் இப்பெயரின் முதல் எழுத்து 'ட்ஸ்' என்று ஒலிக்கும். கடைசி எழுத்து ககரத்தின் மெல்லொலியாக எழுதப்பட்டாலும், சொல்லிறுதியில் அது வல்லொலியாகவே மாறிவிடும். ஆகவே ஒலிப்பைத் தமிழில் எழுதினால் 'ட்ஸீகன்பால்க்' என்று வரும். தமிழில் 'ட்ஸ்' சொல்முதலாகாது என்பதால் சகரம் இட்டதும், வல்லின மெய்யில் சொல் முடியாது என்பதால் உகரம் சேர்த்துச் சீகன்பால்கு என்றதும் நம் இலக்கண மரபுக்கு இயைந்த மாற்றங்களே. 'சீகன்பால்கு ஐயர்' என்று நம் லுத்தரன் திருச்சபைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சீகன்பால் என்று ஈற்றை விட்டுவிடுவதுதான் பெயரின் பொருளையே சிதைத்துவிடுகிறது, அதை மட்டும் தவிர்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில அச்சுநூல்களில் இறுதியில் ஒரு 'ஹெச்' எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அது ஆங்கிலேயர் செய்துகொண்ட மாற்றம், வேறொரு குடும்பத்தின் பெயர் அன்று.

ஜெர்மனியிலேயே எழுத்து நிலையாக இருந்ததில்லை. சாக்சனி வட்டாரப் பேச்சில் ககரம், டகரம், பகரம் ஆகியவற்றின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வேறுபாடு மங்கிவிடும். பதிவேடு எழுதிய பாதிரியார் தம் காதில் விழுந்ததை எழுதுவார். எனவே ஒரே குடும்பத்தைத் தேடும்போது ஈற்றில் 'க்' என்பதன் இரு வடிவங்களையும், இரண்டையும் சேர்த்தெழுதும் பழைய முறையையும், சில இடங்களில் 'ஹ்' போல ஒலிக்கும் வடிவத்தையும் சேர்த்தே தேட வேண்டும். 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசுப் பதிவகங்களே பதியத் தொடங்கிய பின்னர்தான் குடும்பப்பெயர்களின் எழுத்து உறைந்தது. அன்று எழுத்தர் எப்படி எழுதினாரோ அதுவே அந்தக் கிளையின் பெயராக நிலைத்துவிட்டது.

இனி வழித்தோன்றல்கள். புல்ஸ்நிட்ஸ் வட்டாரத்தில் இன்று சீகன்பால்க் என்ற பெயர் கொண்டவர்களைத் தரங்கம்பாடி சீகன்பால்கின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய சொந்தக் கிளை வேறு திசையில் போயிற்று. 1714இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றிருந்த காலத்தில் அவர் மரியா டோரதேயா சால்ஸ்மன் என்பவரை மணந்தார். மனைவியோடு 1716இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குள் அவர் இறந்துவிட்டார். அவருடைய மகன் ஏர்ன்ஸ்ட் கோட்லீப் சீகன்பால்க் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். யூக்ளிடின் வடிவியல் நூலை 1740களில் டேனிஷ் மொழியில் ஆக்கித் தந்தவர் அவரே. தந்தை புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார், மகன் யூக்ளிடை டேனிஷ் மொழியில் பெயர்த்தார் என்பதைப் படித்த நாளில் நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே பகிர்ந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆக, அவருடைய நேர்வழிக் கிளை ஜெர்மனியைவிட்டு டேனிஷ் உலகுக்குப் போய்விட்டது. புல்ஸ்நிட்ஸ் பகுதியில் இருப்பவர்கள் அதே வட்டாரத்தின் அதே பெயருடைய பிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். மிகப் பழங்காலத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே மூதாதை இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெயர் இவ்வளவு அரியதாகவும் இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் அடங்கியதாகவும் இருக்கும்போது, அந்த வாய்ப்பு வலுவானது. ஆனால் ஒரே ஊரில் தோல் தொழில் செய்த இருவருக்குத் தனித்தனியே அதே பட்டப்பெயர் அமைந்திருக்கவும் கூடும்.

துருத்திவாணன்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இவற்றையெல்லாம் படித்தபின் எழுந்த ஓர் ஐயத்தைக் கேட்டுவிடுகிறேன். சீகன்பால்கின் தந்தை தானிய வணிகர் என்று நான் படித்திருக்கிறேன். பெயர் தோல் தொழிலைச் சுட்டுவது என்றால், தந்தை ஏன் தானியம் விற்றார்? நம் பக்கத்தில் தொழிற்பெயர் என்றால் குடும்பமே அந்தத் தொழிலில் இருப்பதாகத்தானே கொள்கிறோம்?

இன்னொன்று, எங்களிடம் இருக்கும் பழைய நூலொன்றில் அவர் பிறந்த ஆண்டு 1683 என்று இருக்கிறது. வேறு நூல்களில் 1682 என்று காண்கிறேன். மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

எல்பைக்கரையோன்

ஐயா, முதற்கேள்விக்கு என் சொந்த வாழ்க்கையிலிருந்தே விடை சொல்லத் தோன்றுகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் பெயருக்கு முன்னால் தந்தையின் பெயர் முதலெழுத்தாக மட்டுமே இருந்தது. இங்கே குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பியே ஆக வேண்டும். எனவே என் தந்தையின் பெயர் என் குடும்பப்பெயராகப் பதிவாயிற்று. நம் வழக்கப்படி என் பிள்ளைகளுக்கு என் பெயர்தான் முன்னால் வர வேண்டும். ஆனால் அவர்கள் தாங்கள் பார்த்தே இராத பாட்டனாரின் பெயரைச் சுமக்கிறார்கள். நாளை என் பேரப்பிள்ளைகளும் அதையே சுமப்பார்கள். பெயர் ஒரு தலைமுறையில் உறைந்துவிட்டால், அதன்பின் அது யாரையும் விவரிப்பதில்லை, அடையாளம் மட்டுமே காட்டுகிறது.

ஜேர்மானியருக்கும் இதுதான் நேர்ந்தது, அவர்களுக்கு அது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நேர்ந்தது. தென்மேற்கு நகரங்களில் 12ஆம் நூற்றாண்டு முதலே குடும்பப்பெயர்கள் நிலைபெறத் தொடங்கின. கிழக்குப் பகுதிகளுக்கு அவ்வழக்கம் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் பரவியது. வடகடலோர ஃப்ரீசியர் மட்டும் தந்தை பெயரையே மாற்றி மாற்றி இடும் வழக்கத்தை, நம்மைப் போலவே, நெடுங்காலம் விடாமல் வைத்திருந்தார்கள். நெப்போலியன் ஆட்சியில் 1811இல் வந்த ஆணைதான் அவர்களையும் நிலையான குடும்பப்பெயர் கொள்ளச் செய்தது. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் தானியம் விற்ற ஒருவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தோல் விற்ற ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்ததில் முரண் இல்லை. ஜேர்மனியில் மிக அதிகமானோர் கொண்ட குடும்பப்பெயர் 'முல்லர்', அதாவது மாவரைப்பவர். அவர்களில் எவ்வளவு பேர் இன்று மாவரைக்கிறார்கள்?

இதோடு தொடர்புடைய ஒரு செய்தி. குடும்பப்பெயர் தந்தை வழியில் மட்டுமே சென்றவரை, ஆண்பிள்ளை இல்லாத வீடுகளோடு அரிய பெயர்கள் மறைந்துகொண்டே வந்தன. 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மணமக்கள் மனைவியின் பெயரையும் பொதுப்பெயராகத் தேர்ந்தெடுக்க இடமளித்தது. கணவன் பெயரே தானாக முந்தும் என்ற விதியை அரசமைப்பு நீதிமன்றம் 1991இல் நீக்கியது. சீகன்பால்க் போன்ற அரிய பெயர்கள் மகள்கள் வழியாகவும் தொடர இவை வழிவிட்டிருக்கின்றன. இனி வரும் வரைபடங்களைப் படிப்பவர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும்.

பழஞ்சுவடி

பிறந்த ஆண்டைப் பற்றி. பழைய வாழ்க்கை வரலாறுகள் பலவும் 1683 என்றே எழுதிவந்தன, ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்தாண்டதால் அது நிலைத்துவிட்டது. இன்றைய ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளும் நாள் 1682 ஜூலை 10. மாணவர்களுக்கு 1682 என்றே தயங்காமல் சொல்லுங்கள். அதன்படி, தரங்கம்பாடிக் கடலில் 'சோபியா ஹெட்விக்' கப்பல் நங்கூரமிட்டபோது அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைவடைகிற நாட்கள் அவை. பெற்றோர் இருவரையும் சிறுவயதிலேயே இழந்து, காமென்ஸ், கோர்லிட்ஸ், பெர்லின், ஹாலே என்று ஊர் ஊராகப் படித்து வந்தவர் அவர். அந்த வரிசையில் முதல் இரண்டு ஊர்களும், எல்பைக்கரையோன் சொன்ன அதே மேல் லௌசிட்ஸ் நிலப்பகுதியைச் சேர்ந்தவை.